ஒரு மருத்துவர் போதாதா, குழு எதற்கு?

ஜனவரி 6, மாலை 6.15 (கேள்வி)

அப்பாவுக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. இதுவரை ஒரே நரம்பியல் மருத்துவர்தான். இப்போது அவரே, இயக்கக் கோளாறு நிபுணர் குழுவிடம் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், செவிலியர் என்று பட்டியல் நீள்கிறது. மாத்திரை எழுதப்போவது ஒருவர்தானே? மற்றதெல்லாம் வெறும் அலைச்சல் என்பது என் கருத்து. நடக்கவே சிரமப்படுகிறவரை ஐந்து அறைகளுக்கு இழுத்தடிப்பதா? மறுப்பவர்கள் அனுபவத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 6, இரவு 9.40

அனுபவத்தோடு மறுக்கிறேன், ஆனால் பாதிதான். நோயாளி நானே, எட்டாவது வருடம். முதல் மூன்று வருடம் நானும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தேன். கை இப்போது ஒத்துழைக்கவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 7, விடிகாலை 3.50

தூக்கம் கலைந்துவிட்டது. இந்த நோயில் அது சகஜம்.

நான் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். நோயை முதலில் காட்டிக்கொடுத்தது நடுக்கம் அல்ல, கையெழுத்து. காசோலை ஒன்று திரும்பி வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பெயர், அதே சுழி. ஆனால் புதியது பழையதில் பாதி உயரம்கூட இல்லை. வரியின் தொடக்கத்தில் எழுத்து ஓரளவு இருக்கிறது, போகப்போக எறும்பாகிவிடுகிறது. இது இந்த நோயின் தெரிந்த அறிகுறி என்று பிறகுதான் அறிந்தேன்.

நல்ல மருத்துவர் கிடைத்தார். அவர்மேல் எனக்கு இன்றும் குறை கிடையாது. மூன்று வேளை லெவோடோபா, மூளையில் குறைந்துபோன டோபமின் என்ற வேதிப்பொருளை ஈடுகட்டும் மாத்திரை. முதல் வருடம் அமிர்தம். மூன்றாவது வருடத்தில் மதியம் ஆனதும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. ஆனால் எனக்கு எப்போதும் காலை பத்து மணிக்குத்தான் மருத்துவரிடம் நேரம். ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, மருந்து ஏறிய நிலையில், மாப்பிள்ளை மாதிரி நடந்து உள்ளே போவேன். விரலைத் தட்டச் சொல்வார், தட்டுவேன். பின்னால் நின்று தோளைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார், விழ மாட்டேன். "பிரமாதம்" என்பார். பகல் ஒரு மணிக்கு நான் என்ன ஆகிறேன் என்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மதியம் சிரமமாக இருக்கிறது என்று நான் சொன்னதும் உண்மை, அவர் அளவைக் கொஞ்சம் கூட்டியதும் உண்மை. கூட்டியபோது உடம்பு என்னை மீறி நெளிய ஆரம்பித்தது. குறைத்தால் விறைப்பு, கூட்டினால் நெளிவு.

குழுவிடம் போனபோது முதலில் உட்கார வைத்தவர் மருத்துவர் அல்ல, ஒரு செவிலியர். அவர் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரை எத்தனை மணிக்கு?"

"மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு."

"வேளை வேண்டாம் ஐயா, மணி சொல்லுங்கள்."

மூன்று வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. லெவோடோபா இரத்தத்தில் அதிக நேரம் தங்காது. ஒன்றரை மணி நேரத்தில் பாதி காலி. தொடக்கத்தில் மூளையிடம் கொஞ்சம் சேமிப்பு இருப்பதால் அது தெரிவதில்லை. வருடம் போகப்போகச் சேமிப்பு கரைந்து, அன்றாடம் காய்ச்சியாகிவிடுகிறது. போட்ட மாத்திரைக்கு மட்டும்தான் நடை. போதாக்குறைக்குப் புரதம். உணவில் உள்ள புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் இந்த மருந்தும் குடலில் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. மூளையின் வாசலிலும் அதே நெரிசல். நான் நிறைந்த வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். அதிலும் மதியச் சாப்பாட்டில்தான் புரதம் அதிகம்.

அவர்கள் செய்தது இவ்வளவுதான்: மொத்த அளவைக் கூட்டாமல் ஐந்தாகப் பிரித்து, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் நகர்த்தினார்கள். ஒரு மணிக்கு மீண்டும் நடந்தேன்.

ஜனவரி 7, காலை 8.20

மேலே ஒரு திருத்தம். மொத்த அளவைக் கூட்டவில்லை என்று எழுதியிருந்தேன். இதைப் படித்த என் மனைவி, இரவுக்கு அரை மாத்திரை சேர்த்தார்களே, மறந்துவிட்டதா என்கிறாள். சேர்த்தார்கள். கணக்கப்பிள்ளையின் கணக்கிலேயே அரை மாத்திரை உதைக்கிறது.

இன்னொன்று, நேரத்தைப் பார்த்து நீங்களாக மாற்றிவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது இன்னும் மோசம். கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகும்.

ஜனவரி 9, பகல் 11.30

கேள்வி கேட்ட தம்பி பதில் எழுதியிருக்கிறார்: "மருந்து நேரத்தை மாற்ற ஒரு செவிலியர் போதுமே, குழு எதற்கு?" நியாயமான கேள்வி. என் கால் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு வாசற்படி ஆகாது. கூடத்தில் நன்றாக நடப்பேன். கதவு நிலையை நெருங்கியதும் இரண்டு பாதமும் பசை போட்டதுபோல் நின்றுவிடும். மேல் உடம்பு மட்டும் முன்னால் போகும். விழுவது இப்படித்தான். இதற்கு உறைதல் என்று பெயர். மருந்து ஏறியிருக்கும்போதும் சிலருக்கு வரும். அப்படி வருவதற்கு மாத்திரையில் முழு விடை இல்லை.

இயன்முறை மருத்துவர் ஓர் இளைஞர். நடக்கச் சொன்னார், நடந்தேன். சரி, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே நடங்கள் என்றார். நமக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? 93, 86, 79, 72. விடைகள் அத்தனையும் சரி. கால்தான் 79இலேயே நின்றுவிட்டது. அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். நடை எனக்குத் தானாக நடக்கும் காரியமாக இல்லை, ஒவ்வோர் அடியையும் யோசித்துத்தான் எடுத்து வைக்கிறேன், அந்த யோசனையை வேறெங்காவது செலவழித்தால் காலுக்கு மிச்சம் இல்லை என்று விளக்கினார். அன்றிலிருந்து நடக்கும்போது கைப்பேசியில் பேசுவதில்லை. மனைவியோடு சண்டை போடுவதும் இல்லை, உட்கார்ந்துதான்.

கதவுக்கு முன்னால் தரையில் வெள்ளை நாடா ஒட்டச் சொன்னார். முதல் நாள் நான் நடக்கும் திசையிலேயே, இரயில் தண்டவாளம் மாதிரி நீளமாக ஒட்டிவிட்டேன். ஒரு பயனும் இல்லை. குறுக்காக ஒட்ட வேண்டும், ஓர் அடி எடுத்து வைக்கும் இடைவெளியில், ஏணிப் படிகளைப் போல. கோட்டைத் தாண்ட வேண்டும் என்று நினைத்ததும் கால் எழும்புகிறது. நடக்க வேண்டும் என்று நினைத்தால் எழுவதில்லை. மூளை இரண்டையும் வெவ்வேறு பாதையில் செய்கிறதாம். கோடு இல்லாத இடத்தில் மனத்துக்குள் தாளம் போட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 9, பகல் 11.45

கோடு போட்டால் வீடு அசிங்கமாகாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகும். இடுப்பு எலும்பு முறிந்து கிடப்பதைவிட அழகாகத்தான் இருக்கும்.

ஜனவரி 14, விடிகாலை 4.10

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி. தெருவில் ஒரு மனிதன் கூன் போட்டுக் குறுகக் குறுக அடி வைத்து ஓடுவதைப் பார்த்தே அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார். ஒற்றை ஆள், குழு கிடையாது. கேள்வி கேட்ட தம்பிக்கு இந்த ஒரு புள்ளியைத் தாராளமாகக் கொடுக்கிறேன்.

ஆனால் தெருவில் பார்த்தால் குரல் கேட்காது. என் குரல் சன்னமானது எனக்கே தெரியாது. நான் உரக்கத்தான் பேசுகிறேன் என்று உறுதியாக நம்பினேன். எதிரே இருப்பவர்களுக்குக் காது மந்தம் என்று நினைத்தேன். பேச்சுப் பயிற்சியாளர் ஒலி அளக்கும் கருவியை மேசைமேல் வைத்துப் படிக்கச் சொன்னார். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. பிறகு "கத்துங்கள்" என்றார். வெட்கமாக இருந்தது, கத்தினேன். பதிவு செய்து போட்டுக் காட்டினார். சாதாரணமாகப் பேசும் மனிதனின் குரல். என் கத்தல்தான் ஊராரின் பேச்சு. குறை தொண்டையில் மட்டும் இல்லை, என் அளவுகோலே சுருங்கியிருந்தது, கையெழுத்தைப் போலவே.

அந்தப் பயிற்சி வாரம் நான்கு நாள், நான்கு வாரம், ஆக 16 அமர்வு. 1987இல் பேச்சு நிபுணர் லோரெய்ன் ராமிக் குழுவினர் உருவாக்கியது. லீ சில்வர்மன் என்ற நோயாளியின் பெயரில் வழங்குகிறது. வித்தை ஒன்றுதான்: உரக்கப் பேசு. உச்சரிப்பு, மூச்சு என்று தனித்தனியாக எதுவும் இல்லை.

என் பேச்சுப் பயிற்சியாளரே விழுங்குவதையும் சோதித்தார். தண்ணீர் குடித்ததும் குரல் கரகரக்கிறதா என்று கேட்டார். அது சின்ன விஷயம் இல்லை. உணவும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வருவது இந்த நோயாளிகளின் இறப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

ஜனவரி 15, இரவு 7.00

நேற்று எழுதியதைப் படித்தால் குழு என்றாலே கோயில் என்று நான் சொல்வதுபோல் இருக்கிறது. இல்லை.

நான் முதலில் போன இடத்தில் பலகையில் 'ஒருங்கிணைந்த சிகிச்சை' என்று இருந்தது. ஐந்து பேர், ஐந்து அறை, ஐந்து நாள், ஐந்து கோப்பு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதில்லை. ஒவ்வோர் அறையிலும் என் சரித்திரத்தைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். ஐந்தாவது அறையில் என் மனைவி எனக்குப் பதிலாக ஒப்பித்துவிட்டாள். குமட்டல் என்று சொன்னதற்கு அங்கே ஒருவர் மெட்டோகுளோபிரமைடு எழுதிக் கொடுத்தார். அது மூளையில் டோபமினின் வாசலை அடைக்கும் மருந்து. ஒரு கையால் லெவோடோபா கொடுத்து மறுகையால் அதைத் தடுப்பது. இரண்டு நாள் மரக்கட்டையாகக் கிடந்தேன். கண்டுபிடித்தவர் மருந்துக்கடையில் இருந்த மருந்தாளுநர். இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

ஆகவே தம்பி, நீங்கள் அலைச்சல் என்று சொன்னது அந்த இடத்துக்கு நூறு சதவீதம் பொருந்தும். இப்போது போகும் இடத்தில் மாதம் ஒருநாள் அத்தனை பேரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். கோப்பு ஒன்றே. எனக்கும் அலைச்சல் ஒரே நாளோடு முடிகிறது. எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள், கோப்பு எத்தனை என்று எண்ணுங்கள்.

ஜனவரி 19, மாலை 5.30

ஒருவர் நெதர்லாந்தைக் காட்டியிருக்கிறார். அங்கே 2004இல் பாஸ்டியான் புளூம், மார்ட்டன் முன்னெகே இருவரும் தொடங்கிய 'பார்க்கின்சன்நெட்', நாடு முழுவதும் இந்த நோய்க்கென்றே பயிற்சி பெற்றவர்களை இணைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு உற்சாகமாக எழுத உட்கார்ந்தேன். அதற்குள் கேள்வி கேட்ட தம்பி முந்திக்கொண்டார்: 2010இல் வெளியான அவர்களுடைய சோதனையிலேயே நோயாளிகளின் நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லையே, செலவு மட்டும்தானே குறைந்தது என்கிறார். உண்மைதான். கெட்டிக்காரர், என்னைவிட நன்றாகத் தணிக்கை செய்கிறார்.

இரண்டு நாள் யோசித்தேன். பின்னால் வந்த இன்னோர் ஆய்வில், இந்த நோய்க்கென்று பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரிடம் போனவர்களுக்கு எலும்பு முறிவு, நிமோனியா போன்ற சிக்கல்கள் குறைவாக இருந்தன. அதில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிக்கவில்லை. காப்பீட்டுக் கணக்குகளைப் பார்த்த ஆய்வு. எனவே அதையும் தலையில் தூக்கி வைத்து ஆட மாட்டேன். எனக்குப் புரிவது இது: வருடத்துக்கு நாலு நடுக்குவாதக்காரர்களைப் பார்க்கிறவர், எனக்கு முழங்கால் வலிக்காரருக்குக் கொடுக்கும் பயிற்சியைத்தான் கொடுப்பார். வாரத்துக்கு நாற்பது பேரைப் பார்க்கிறவருக்குத்தான் ஏழேழாகக் கழிக்கச் சொல்லத் தோன்றும்.

ஜனவரி 20, விடிகாலை 2.55

ஆழ்மூளைத் தூண்டல் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மூளைக்குள் மெல்லிய மின்கம்பி, மார்புத் தோலுக்கடியில் மின்கலம். பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனபித் என்ற அறுவை மருத்துவர் 1987இல் நடுக்கத்துக்குத் தொடங்கியது. எனக்கும் பேராசை வந்தது. குழுவிடம் கேட்டேன். முந்தைய இரவிலிருந்து மருந்தை நிறுத்தி, காலையில் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் அளந்தார்கள்; பிறகு லெவோடோபா கொடுத்து மறுபடியும் அளந்தார்கள். மருந்துக்கு எது இளகுகிறதோ அதுதான் தூண்டலுக்கும் இளகும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, அது மருந்துக்கு அடங்காவிட்டாலும் இதற்கு அடங்கலாம். எனக்குக் கை கால் இளகியது. ஆனால் குரலும் வாசற்படியும் இளகவில்லை. உளவியலாளர் நினைவாற்றல் சோதனைகளை மூன்று மணி நேரம் நடத்தினார். அறுவை மருத்துவர் செய்யலாம் என்றார். பேச்சுப் பயிற்சியாளர், இருக்கிற குரலும் போகலாம் என்றார். எல்லோரும் மேசையில் பேசி முடித்து, இப்போது வேண்டாம் என்றார்கள்.

கோபம் வந்தது. நான்கு பேர் சேர்ந்து ஒருவனின் தலையெழுத்தை முடிவு செய்வதா என்று வீட்டில் கத்தினேன். மனைவி, "பயிற்சி நன்றாக வேலை செய்கிறது, பக்கத்து வீடு வரை கேட்கிறது" என்றாள். இன்றுவரை அந்த முடிவு சரியா தவறா என்று எனக்குத் தெளிவில்லை.

ஜனவரி 26, காலை 10.10

அம்மாவின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது, கன்னத்தில் விரல் வைத்தால் நேராகிறது, இதுவும் நடுக்குவாதமா என்று கேட்ட சகோதரிக்கு: நான் மருத்துவன் அல்லன். ஆனால் இலேசாகத் தொட்டால் நேராவது கழுத்துத் தசைத் திருகல் உள்ளவர்களிடம் பரவலாகக் காணப்படுவது. அதற்கு மருத்துவமே வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுலினம் ஊசி. எந்தத் தசையில் எவ்வளவு என்று தெரிந்த கை வேண்டும். நடுங்குவதும் திருகுவதும் எல்லாம் ஒரே நோய் அல்ல. வயது குறைந்தவருக்கு வந்தால் செம்பு சேரும் வில்சன் நோயா என்று கட்டாயம் பார்ப்பார்கள், ஏனென்றால் அதை மருந்தால் கட்டுப்படுத்த முடியும். இயக்கக் கோளாறே தொழிலாக இருப்பவரிடம் ஒருமுறையாவது காட்டிவிடுங்கள்.

பிப்ரவரி 2, இரவு 8.45

இதை எழுதச் சொன்னது மனைவி. நான் மறைத்துவிட்டேன் என்கிறாள். மறைத்தேன்தான்.

ஐந்தாவது வருடத்தில் பிராமிபெக்சோல் என்ற, டோபமினைப் போலவே வேலை செய்யும் மாத்திரையைச் சேர்த்திருந்தார்கள். அதன்பின் இரவில் தூக்கம் வராதபோது இணையத்தில் பழைய கணக்கிடும் இயந்திரங்களை வாங்கத் தொடங்கினேன், கைப்பிடி சுற்றும் வகை. முதல் இயந்திரம் வந்தபோது மனைவி சிரித்தாள். நான்காவது வந்தபோது சிரிக்கவில்லை. மொத்தம் பதினொன்று. கட்டிலுக்கடியில், பெட்டியைக்கூடப் பிரிக்காமல். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீண் செலவைச் சிவப்பு மையில் கோடிட்டவன் நான். அது எனக்குத் தவறாகவே படவில்லை, முதலீடு என்று நினைத்தேன்.

மருத்துவரிடம் நான் சொல்லவில்லை. நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்தச் செவிலியர் ஒருநாள் என்னை இயன்முறைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, மனைவியிடம் தனியாக, "பணம் விஷயத்தில் ஐயா மாறியிருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார். இந்த வகை மருந்துகள் சிலரைச் சூதாட்டம், கண்மண் தெரியாமல் வாங்குவது, அளவுமீறிய காம இச்சை என்று இழுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். மனைவி அழுதுவிட்டாளாம். மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சில வாரங்களில் ஆசை அடங்கியது, விளக்கை அணைத்ததுபோல.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு முதல் நாளே இதைத்தான் பதிலாகச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் கோடு, நாடா என்று சுற்றிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 3, காலை 7.30

ஒருவர் இயந்திரங்களில் ஒன்றை விலைக்குக் கேட்டிருக்கிறார். ஒன்பது விற்றாகிவிட்டது. மீதி இரண்டும் என்னோடுதான் இருக்கும்.

பிப்ரவரி 11, பகல் 12.15

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: குழுவிடம் வரும் வாரம் அப்பாவைக் கூட்டிப்போகிறாராம், நம்பிக்கை இன்னும் வரவில்லையாம். வர வேண்டியதில்லை.

மூன்று நாள் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள்: மாத்திரை போட்ட மணி, நடை வந்த மணி, நின்ற மணி, நெளிவு வந்த மணி. நான் எழுதிப்போன நோட்டைச் செவிலியர் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார். எழுத்து அவ்வளவு பொடி. மனைவிதான் பெரிதாக நகல் எடுத்துக் கொடுத்தாள். அப்பாவை எழுத விடாதீர்கள், நீங்கள் எழுதுங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள், அவரிடம் தனியாகப் பேச வாய்ப்புக் கேளுங்கள். வேறு ஏதாவது காரணத்துக்காக மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால், மாத்திரை நேரத்தைக் கட்டிலருகே எழுதித் தொங்க விடுங்கள். குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் லெவோடோபா கொடுக்க வேண்டும் என்பது பிரிட்டனில் எழுத்தில் உள்ள தர விதி. வார்டில் மருந்து வண்டி வரும் நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

முதல் சந்திப்புக்குக் காலை பத்து மணி கொடுப்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்பாவின் நடை எந்த மணிக்கு நிற்கிறதோ அந்த மணியைக் கேளுங்கள்.

எனக்கு 12.30 மாத்திரை. எழுந்து போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். வழியில் ஒரு கதவு இருக்கிறது.